தசைக்கு மேலா, தசைக்குக் கீழா

மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வரும் பெண்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எத்தனை சிசி வைக்கலாம்? தழும்பு எங்கே இருக்கும்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். விவரமறிந்த பிளாஸ்டிக் சர்ஜன் அவற்றுக்குப் பதில் சொல்லுமுன் காலிப்பரைக் கையில் எடுப்பார். முலைக்காம்புக்கு மேலே, மார்பகம் எழத் தொடங்கும் சரிவில், தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் சுரப்பியையும் சேர்த்துப் பிடித்து, பிடியில் வந்த சதையின் தடிமனை அளப்பார். 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு வழி, அதற்குக் குறைந்தால் வேறு வழி. சிலிகான் பையை மார்புத் தசைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்ற முடிவின் பெரும்பகுதி அந்த அளவில் இருக்கிறது.

அமெரிக்காவின் டாலஸ் நகரைச் சேர்ந்த ஜான் டெபெட்ஸ், வில்லியம் ஆடம்ஸ் என்ற இரு சர்ஜன்கள் 2005இல் இந்த அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளை ஐந்தாக வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரிசையில் முதலில் நிற்பது, உள்ளே வைக்கும் பையை எந்தத் திசு மூடப்போகிறது என்பது. பிறகு கொள்ளளவு, பிறகு பையின் வகை, பிறகு மார்பகத்தின் அடிமடிப்பு எங்கே அமைய வேண்டும் என்பது. எங்கே கீறுவது என்பது கடைசி. நோயாளியின் மனத்தில் முன்னால் நிற்பவை டாக்டரின் வரிசையில் பின்னால் போய்விடுகின்றன. டாக்டரின் வரிசைதான் சரி என்பது என் கருத்து. தழும்பு ஓராண்டில் மங்கும். பையை மூடியிருக்கும் திசு எத்தனை தடிமனானது என்பதோ பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மார்பகம் எப்படி இருக்கும், தொட்டால் எப்படித் தெரியும், எத்தனை முறை திரும்ப அறுக்க வேண்டிவரும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் தோல். அடுத்து கொழுப்பு. அதற்குள் பால்சுரப்பி. சுரப்பியைத் தோலோடும் பின்புறத்தோடும் பிணைத்து நிற்கும் நார்த்திசுக்களுக்கு இன்றும் லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பரின் பெயர்தான். மார்பகத்தின் உடற்கூற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1840இல் வெளிவந்தது. சுரப்பிக்குப் பின்னால் மெல்லிய ஒரு சவ்வு. ஆட்டிறைச்சியைச் சுத்தம் செய்யும்போது தசைமேல் வெள்ளியாய் மின்னி, கத்தி முனையில் உரிந்து வருமே, அதே போன்றது. அந்தச் சவ்வு போர்த்தியிருப்பது பெரிய மார்புத் தசை. அதற்கும் பின்னால் சின்ன மார்புத் தசை, விலா எலும்புகள், அப்புறம் நுரையீரல்.

பெரிய மார்புத் தசை விசிறி வடிவம் கொண்டது. காறை எலும்பின் உட்பாதியிலும், மார்பெலும்பின் ஓரம் நெடுகிலும், மேல் விலாக்களின் குருத்தெலும்புகளிலும் தொடங்கி, நார்கள் குவிந்து, அக்குளின் முன்பக்கமாகப் போய் மேற்கை எலும்பில் ஒட்டுகிறது. கையை உடலை நோக்கி இழுப்பதும் உட்புறமாகத் திருப்புவதும் இதன் வேலை. இந்த விசிறி மார்பகத்தின் முழு அடித்தளத்தையும் நிரப்புவதில்லை. கீழ்ப்பக்கமும் வெளிப்பக்கமும் மார்பகம் தசையின் விளிம்பைத் தாண்டி வழிகிறது. ஆகவே ‘தசைக்குக் கீழே’ வைத்தாலும் பையின் மேல்பாதியும் உட்பக்கமும் மட்டுமே தசையால் மூடப்படும். கீழ் வெளிப்பக்கம் எப்படியும் சுரப்பியையும் கொழுப்பையும் தோலையும் நம்பித்தான் இருக்கிறது. இது தெரியாமல் எடுக்கும் முடிவு பிறகு ஏமாற்றத்தில் முடிகிறது.

சிலிகான் ஜெல் அடைத்த பை முதன்முதலில் ஒரு பெண்ணின் உடலுக்குள் வைக்கப்பட்டது 1962இல், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில். வைத்தவர்கள் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ. பையைத் தயாரித்தது டவ் கார்னிங் நிறுவனம். அவர்கள் தேர்ந்த இடம் சுரப்பிக்குப் பின்னால், தசைக்கு முன்னால். அந்த இடத்தில் இயற்கையாகவே ஒரு தளர்ந்த இடைவெளி உண்டு. அங்கே விரலை விட்டாலே திசுக்கள் விலகி வழிவிடும். ரத்தம் குறைவு, வலி குறைவு, நேரமும் குறைவு. மார்பகம் பெரிதாக வேண்டுமென்றால் மார்பகத்துக்கு நேர் பின்னால் வைப்பதுதானே இயல்பு? பை நகராமலிருக்க அதன் பின்புறத்தில் டேக்ரான் துணித் துண்டுகளை ஒட்டினார்கள். சுற்றியுள்ள திசு அந்தத் துணிக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்பது எண்ணம்.

திசு வளர்ந்தது. அவர்கள் விரும்பிய அளவோடு நிற்கவில்லை. உடலுக்குள் புகும் எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் உடம்பு நார்த்திசுவால் ஓர் உறை கட்டும். பேஸ்மேக்கரைச் சுற்றியும் கட்டும், செயற்கை மூட்டைச் சுற்றியும் கட்டும். கடினமான உலோகத்தைச் சுற்றிய உறையால் யாருக்கும் தொல்லையில்லை. மென்மையான ஜெல் பையைச் சுற்றிய உறை சுருங்கத் தொடங்கினால், நடுவிலுள்ள ஜெல் எங்கே போகும்? பை பிதுங்கி உருண்டையாகிறது, மார்பகம் இறுகுகிறது, சிலருக்கு வலியெடுக்கிறது. இந்த இறுக்கத்தை 1975இல் ஜேம்ஸ் பேக்கர் நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் மார்பகம் இயல்பாக மென்மையாக இருக்கும். நான்காம் படியில் கண்ணுக்கே உருமாற்றம் தெரியும், தொட்டால் கல், வலியும் உண்டு. அந்தப் படிநிலைதான் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

1970களில் இதற்குச் செய்த ஒரு வைத்தியத்தைப் படித்தால் இன்று நெஞ்சு பதறுகிறது. சர்ஜன் இறுகிய மார்பகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் நசுக்குவார். உள்ளேயிருக்கும் நார் உறை கிழிந்து மார்பகம் தளரும். சில சமயம் உறையோடு பையும் கிழிந்தது, ஜெல் திசுவுக்குள் பரவியது. மீண்டும் உறை கட்டியது, மீண்டும் நசுக்கினார்கள். தயாரிப்பு நிறுவனங்களே இதைச் செய்யக்கூடாது என்று எச்சரிக்கும் நிலை வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் ஒழிந்தது.

இறுக்கத்திலிருந்து தப்ப வேறொரு வழியும் இருந்தது: இடத்தை மாற்றுவது. 1968இல் டெம்ப்ஸி, லேதம் என்ற இருவர் பையைத் தசைக்கு அடியில் வைத்த அனுபவத்தை எழுதினார்கள். 1977இல் மாண்ட்ரியலின் பாலே ரெனோ, பாதி தசைக்கும் பாதி சுரப்பிக்கும் அடியில் வைக்கும் முறையை விளக்கினார். தசைக்குக் கீழே வைத்தவர்களுக்கு இறுக்கம் குறைவாக வருகிறது என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. மேற்பரப்பு வழவழப்பான பைகளில் இந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது.

ஏன் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. எனக்கு வலுவாகப் படுவது பாக்டீரியாவைப் பற்றியது. பால்நாளங்கள் முலைக்காம்பு வழியாக வெளியே திறந்திருப்பவை. ஆகவே சுரப்பிக்குள் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அவை சாதாரணமாக ஒரு தீங்கும் செய்வதில்லை. பையின் பரப்பில் ஒட்டிக்கொண்டால் மட்டும் பசை போன்ற படலத்தைக் கட்டி, ஆன்டிபயாட்டிக் எட்டாதபடி உள்ளே தங்கிவிடுகின்றன. காய்ச்சலோ சீழோ இல்லாத இந்த மந்தமான தொற்று, உறையை ஆண்டுக்கணக்கில் தூண்டிச் சுருங்க வைக்கிறது. தசை நடுவில் நின்றால் சுரப்பிக்கும் பைக்கும் நேரடித் தொடர்பு குறைகிறது. முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரமாகக் கீறிப் பை வைத்துக்கொண்டவர்களுக்கு, அடிமடிப்பில் கீறியவர்களைவிட இறுக்கம் அதிகம் வந்ததையும் இதே காரணம் விளக்குகிறது: கருவட்ட வழி நாளங்களை ஊடறுத்துப் போகிறது. இதனால்தான் இன்றைய சர்ஜன்கள் பையைத் தொடுமுன் கையுறையை மாற்றுகிறார்கள், குழியைக் கிருமிநாசினி கலந்த நீரால் கழுவுகிறார்கள், பையைத் தோலில் படாமல் வழுக்கி உள்ளே இறக்க ஒரு புனலைப் பயன்படுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் தசைக்குக் கீழ் வைப்பது பெருகியதற்கு அரசு முடிவு ஒன்றும் காரணம். 1992இல் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எப்.டி.ஏ., பாதுகாப்புச் சான்றுகள் போதவில்லை என்று சிலிகான் ஜெல் பைகளை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. 2006இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. நடுவிலிருந்த பதினான்கு ஆண்டுகள் அங்கே அழகுக்காக வைக்கப்பட்டவை பெரும்பாலும் உப்புநீர் அடைத்த பைகள். தண்ணீர் ஜெல்லைப்போல் வடிவத்தைப் பிடித்து வைக்காது. நிமிர்ந்து நின்றால் கீழே இறங்கும், மேல்புறம் பையின் சுவர் மடிந்து சுருக்கம் விழும். ஒல்லியான பெண்ணுக்கு அந்தச் சுருக்கம் தோலுக்கு வெளியே வரிவரியாகத் தெரியும். மறைப்பதற்கு இன்னொரு அடுக்கு தேவைப்பட்டது. கைக்கெட்டிய அடுக்கு தசை. ஒரு தலைமுறை சர்ஜன்கள் தசைக்குக் கீழே வைத்தே பழகினார்கள். ஜெல் திரும்ப வந்த பிறகும் பழகிய கை அந்த வழியிலேயே போனது.

தசையைப் பயன்படுத்தினால் அதற்கு ஒரு விலை உண்டு. விலா எலும்பிலிருந்து தசையைத் தூக்கிப் பிரிக்கும்போது முதல் சில நாட்கள் வலி கடுமையாக இருக்கும், மார்பில் பாரம் ஏற்றி வைத்தது போல. அது போய்விடும். போகாதது வேறொன்று. கையை அழுத்தி ஏதாவது செய்யும்போதெல்லாம், சப்பாத்தி மாவு பிசையும்போதும் கனத்த கதவைத் தள்ளும்போதும், தசை சுருங்கிப் பையை மேலும் வெளிப்பக்கமுமாகத் தள்ளும். மார்பகம் கண்ணெதிரே இடம் மாறும், கீழ்ப்பகுதியில் குழி விழும். தசையின் கீழ்விளிம்பு வெட்டப்பட்டு மார்பகத் திசுவோடு ஒட்டிப்போனதால் வரும் விளைவு இது. பலருக்கு லேசாகத்தான் இருக்கும். கண்ணாடி முன் நின்று வேண்டுமென்றே இறுக்கினால்தான் தெரியும். சிலருக்கு ஆடைக்கு மேலேயே தெரிந்து பெரும் மனவேதனையாகிவிடுகிறது. பளு தூக்கும் பெண், நீச்சல் வீராங்கனை, உடற்பயிற்சியாளர் போன்றவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. ஆரோக்கியமாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு தசையை வெறும் போர்வையாக மாற்றுகிறோம் என்பதைச் சர்ஜன் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளை பெற்றுப் பாலூட்டித் தளர்ந்த மார்பகத்தில் இன்னொரு சிக்கல் வரும். பை தசைக்கு அடியில் உயரத்திலேயே நிற்கும். தளர்ந்த சுரப்பியோ அதன் முன்னால் வழுக்கிக் கீழே தொங்கும். ஒரே மார்பில் இரண்டு மேடுகள். தசை பையை மேலே பிடித்து வைத்திருக்கிறது, தோலும் சுரப்பியும் தம் எடையில் இறங்குகின்றன. இரண்டும் ஒன்றாக நகர வழியில்லை.

இதற்குத்தான் டெபெட்ஸ் 2001இல் இரட்டைத் தளம் என்ற முறையை முன்வைத்தார். பையின் மேல்பாதி தசைக்குக் கீழ், கீழ்ப்பாதி சுரப்பிக்குக் கீழ். அதற்காகத் தசையின் கீழ்விளிம்பை அடிமடிப்பு நெடுகத் துண்டிக்கிறார்கள். பிறகு தேவையைப் பார்த்துச் சுரப்பியையும் தசையின் முன்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுகிறார்கள். இறுக்கமான இளம் மார்பகத்துக்குப் பிரிக்கவே வேண்டாம். சற்றுத் தளர்ந்ததற்குக் கருவட்டத்தின் கீழ்விளிம்பு வரை, நன்றாகத் தளர்ந்ததற்கு மேல்விளிம்பு வரை. பிரிக்கப் பிரிக்கத் தசையின் விளிம்பு மேலேறும், சுரப்பி பையின்மேல் நேரடியாகப் படிந்து விரியும். மார்பெலும்பை ஒட்டிய நார்களை மட்டும் தொடக்கூடாது. அவற்றை வெட்டினால் பையின் உட்பக்க விளிம்பு தோலுக்கடியில் துருத்தும், சிலருக்கு இரு பைகளும் நடுவில் ஒன்றையொன்று நெருங்கி, இரு மார்பகங்களுக்கும் இடையிலுள்ள பள்ளமே மறைந்துபோகும். இந்தத் தவறைத் திருத்துவது பிளாஸ்டிக் சர்ஜரியில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

காலிப்பரின் இரண்டாவது அளவு இங்கேதான் வருகிறது. அடிமடிப்பில் கிள்ளிப் பார்த்து, அரை சென்டிமீட்டர்கூடத் தேறாவிட்டால் அங்கே தசையைத் துண்டிக்க வேண்டாம் என்பது டெபெட்ஸின் விதி. அத்தனை மெல்லிய இடத்தில் தசையையும் விலக்கிவிட்டால் பையைத் தடுத்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. மிக ஒல்லியான பெண்ணுக்கு எந்த அடுக்கும் முழுப் பதிலாகாது. பையின் அளவைக் குறைப்பதுதான் நேர்மையான பதில். 300 சிசி பை ஏறக்குறைய 300 கிராம் எடை. ஈர்ப்பு விசை ஒவ்வொரு நாளும் அதைக் கீழே இழுக்கிறது, அழுத்தம் மேலேயுள்ள கொழுப்பையும் சுரப்பியையும் ஆண்டுக்கணக்கில் மெலிய வைக்கிறது. இன்று 2 சென்டிமீட்டர் இருக்கும் மூடுதிசு, பெரிய பையின் கீழ் அதே 2 சென்டிமீட்டராக நீடிக்காது. மெலிந்த திசுவை மீட்க நம்பகமான வழியும் இல்லை. கொழுப்பை ஊசிவழி ஏற்றி ஓரளவு சரிக்கட்டலாம், அவ்வளவுதான்.

பிரேசிலின் குரிச்சிபா நகரத்து ரூத் கிராஃப் 2000களின் தொடக்கத்தில் மூன்றாவது ஓர் இடத்தைக் காட்டினார். தசையைத் தொடாமல், அதன்மேல் போர்த்திய சவ்வை மட்டும் உரித்து, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே பையை வைப்பது. தசை முழுதாகத் தப்புகிறது, அது சுருங்கும்போது மார்பகம் துள்ளுவதில்லை. சவ்வு இழுத்துப் பிடிப்பதால் பையின் மேல்விளிம்பு படிக்கட்டுபோல் எழாமல் சரிவாக இறங்குகிறது என்பது அவரைப் பின்பற்றுவோர் கண்டது. பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சவ்வு என்ன மறைத்துவிடப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. மறைப்பதற்கு அது உதவாது என்றே நானும் நினைக்கிறேன். பிடித்து நிறுத்த உதவலாம். ஆகவே மேல்பகுதியில் போதிய சதையுள்ள பெண்ணுக்கு இது நல்ல தேர்வு, ஒல்லியானவருக்குத் தசையின் இடத்தை இது நிரப்பாது.

பையின் மேற்பரப்பைப் பற்றிய கதையைச் சொல்லாமல் இந்தத் தேர்வைப் பேச முடியாது. 1980களின் பிற்பகுதியில் சொரசொரப்பான பைகள் வந்தன. நார்த்திசு அந்தச் சொரசொரப்புக்குள் ஒழுங்கில்லாமல் வளர்வதால் உறை ஒரே திசையில் சுருங்காது என்றார்கள். தசைக்கு மேலே வைத்தாலும் இறுக்கம் குறைந்தது. ‘மேலே’ என்ற தேர்வுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஆனால் 1997இல் முதன்முதலாகப் பதிவான ஓர் அரிய நோய் மெல்ல மெல்ல உருப்பெற்றது: பையைச் சுற்றிய உறையில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். அறுவை நடந்து பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று ஒரு மார்பகம் நீர்கோத்து வீங்கும். எப்.டி.ஏ. 2011இல் எச்சரித்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதைத் தனி நோயாக ஏற்றது. சொரசொரப்பான பைகளோடு அதன் தொடர்பு உறுதியானபின் 2019 ஜூலையில் ஆலர்கன் நிறுவனத்தின் பயோசெல் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. உறையோடு பையை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்பதும், காலதாமதம் ஆபத்து என்பதும் தெரிந்திருக்கிறது. இப்போது வழவழப்பான பைகளுக்கே பலரும் திரும்பிவிட்டார்கள். அப்படியானால் தசைக்கு மேலே வைக்கும் முடிவு இறுக்கத்தின் கணக்கில் மறுபடியும் விலையேறிவிட்டது. பழைய ஆய்வொன்றில் ‘மேலே வைத்தாலும் நல்ல பலன்’ என்று படித்தால், அதில் எந்த மேற்பரப்பு வைத்தார்கள் என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மேமோகிராம் எடுப்பதிலும் இடம் முக்கியம். சிலிகான் எக்ஸ்ரேயை மறைக்கும். பையின் நிழலில் அகப்படும் சுரப்பி படத்தில் தெரியாது. 1988இல் எக்லண்ட் என்ற ரேடியாலஜிஸ்ட், பையை மார்புச் சுவரோடு அழுத்தித் தள்ளிவிட்டு, சுரப்பியை மட்டும் முன்னால் இழுத்துப் படமெடுக்கும் முறையைச் சொன்னார். பை தசைக்குக் கீழே இருந்தால் இந்தத் தள்ளல் சுலபம், கூடுதல் திசு படத்தில் வரும். தாய்க்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பத்துப் பெண்ணுக்கு இது கூடுதல் எடையுள்ள காரணம். பாலூட்டுவதற்கு அடுக்கு பெரிய தடையில்லை, எந்த முறையிலும் பை சுரப்பிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கருவட்டக் கீறலில்தான் நாளங்கள் அறுபடும் வாய்ப்பு அதிகம். முலைக்காம்பின் உணர்ச்சிக்கு முதன்மையான நரம்பு நான்காம் விலா இடைவெளியிலிருந்து பக்கவாட்டாக வருகிறது. பெரிய பைக்காக வெளிப்பக்கம் அகலமாகக் குழி தோண்டினால் அது இழுபடும் அல்லது அறுபடும். அடுக்கு எதுவானாலும் இதுதான் நிலைமை.

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தவர்களிடம் இதே கேள்வி வேறு முகம் காட்டுகிறது. அங்கே சுரப்பியே இல்லை. தோலும் ஒட்டிய கொஞ்சம் கொழுப்பும்தான் மிச்சம். 1970களில் அந்தத் தோலுக்கு நேர் அடியில் பையை வைத்துப் பார்த்தார்கள். இறுகியது, சிலருக்குத் தோல் செத்துப் பை வெளியே வந்தது. ஆகவே தசைக்குக் கீழே போனார்கள். செடோமிர் ராடோவன் புகுத்திய, உப்புநீரை ஊசிமூலம் வாரம் வாரம் ஏற்றித் திசுவை விரிக்கும் பை அதற்குத் துணையானது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சர்ஜன்கள் மறுபடியும் தசைக்கு மேலே வந்திருக்கிறார்கள். உயிரணுக்களை நீக்கிய மனிதத் தோல் அல்லது பன்றித் தோலின் ஒரு தகட்டால் பையைப் போர்த்துகிறார்கள். ஒளிரும் சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, மிஞ்சிய தோலுக்கு ரத்தம் பாய்கிறதா என்று அறுவை மேசையிலேயே கேமராவில் பார்த்துவிடுகிறார்கள். புற்றுநோயோடு போராடி வந்த பெண்ணுக்குக் கையைத் தூக்கும்போதெல்லாம் துள்ளும் மார்பையும் கொடுக்க வேண்டாம் என்ற கரிசனம் இந்தத் திரும்பலுக்குப் பின்னால் இருக்கிறது. கதிர்வீச்சு பெற வேண்டியவர்களில் மட்டும் எந்த அடுக்கிலும் இறுக்கம் கூடுதலாகவே வருகிறது.

திருநங்கையரின் உடல் இன்னொரு கணக்கு. மார்பு அகலம், தசை தடித்தது, தோல் இறுக்கம், முலைக்காம்புகள் வெளிப்பக்கமாக அமைந்தவை. தசைக்குக் கீழே வைத்தால் அந்த வலுவான தசை பையை ஓரத்துக்குத் தள்ளும். மேலே வைத்தால் மூட சதை போதாது. குறைந்தது ஓராண்டு ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்ட பிறகு அறுவைக்கு வரச் சொல்வதற்கு இது ஒரு காரணம். வளர்ந்த சுரப்பி மூடுதிசுவாகிறது, எவ்வளவு தோல் விரியும் என்பதும் தெரிகிறது. பணமில்லாத பெண்களின் கணக்கு வேறு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018இல் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, அழகுக்காக மக்கள் வரிப்பணமா என்று எழுந்த சத்தம் உலகப் பத்திரிகைகள் வரை போனது. பணத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த மேசையில் படுக்கும் பெண் என்னென்ன தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும் என்பதை யாரும் பேசவில்லை. காசில்லாதவருக்கும் காலிப்பர் அளவைச் சொல்லி விளக்கத்தான் வேண்டும்.

எப்.டி.ஏ. 2021 அக்டோபரில் விதித்த நிபந்தனை இந்தத் திசையில் நல்லதோர் அடி. பையோடு தரும் விவரக் குறிப்புகளில் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பெண் கையெழுத்திடும் பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தும் டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே பையை விற்கலாம். இது ஆயுள் முழுதும் நீடிக்கும் கருவி இல்லை, காலம் போகப் போக மறு அறுவைக்கான வாய்ப்பு கூடும் என்பதை அந்த எச்சரிக்கை தெளிவாகவே சொல்கிறது. ஜெல் பை சத்தமில்லாமல் கிழியக்கூடியது என்பதால் ஐந்து, ஆறு ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றும் பரிந்துரைக்கிறார்கள்.

மறு அறுவையில்தான் முதல் தேர்வின் முழுக் கணக்கும் தெரியவரும். துள்ளல் தாளாமல் தசைக்கு மேலே மாற்றிக்கொள்ள வருபவர்கள் இருக்கிறார்கள். பையை எடுத்துத் தசையை மீண்டும் விலாவோடு தைக்க வேண்டும். பல ஆண்டுகள் சுருங்கி மேலேறிய தசை பழைய இடத்துக்கு முழுதாக வராமலும் போகலாம். மேலே வைத்து இறுகிப்போனவர்கள் உறையை எடுத்துவிட்டுக் கீழே போகிறார்கள். அப்போது ஏற்கெனவே மெலிந்துவிட்ட சுரப்பிக்கும் தோலுக்கும் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. எந்தப் பக்கம் திரும்பினாலும், கன்னித் திசுவில் செய்யும் முதல் அறுவையின் சுலபம் இரண்டாவதில் கிடைப்பதில்லை.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம், மாடல், அளவு, சீரியல் எண் ஆகியவை பையோடு வரும் அட்டையில் இருக்கும். தசைக்கு மேலா கீழா, சவ்வுக்குள்ளா, தசையின் எந்த விளிம்பு எத்தனை தூரம் துண்டிக்கப்பட்டது என்பது அந்த அட்டையில் இராது, குறிப்பில்தான் இருக்கும். பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு ஊரில், வேறொரு சர்ஜன் அந்த மார்பைத் திறக்க வேண்டிவந்தால், கத்தியை எடுக்குமுன் அவர் படிக்க விரும்பும் வரி அதுதான்.